எல்எல்எம் சேரப் போகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு: வேலை, பிரிவு, கல்லூரி, காசு

சட்ட இளங்கலையான எல்எல்பி முடித்துவிட்டு முதுகலையான எல்எல்எம் சேரலாமா என்று யோசிப்பவர்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இப்போது நிறையவே இருக்கிறார்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள், அதனால் வீட்டுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது. சீனியர் வக்கீலிடம் கேட்டால் "இன்னும் என்ன படிப்பு, கேஸ் கட்டைப் பாரு" என்பார், கல்லூரியில் கேட்டால் "நல்லதுதான், சேர்ந்துடு" என்பார்கள். இரண்டுமே பாதி பதில்தான். மீதிப் பாதி, அடுத்த பத்து வருஷம் நீங்கள் என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். வேலையில் ஆரம்பித்து, அதிலிருந்து பிரிவுக்கு வாருங்கள், அப்புறம் கல்லூரி, அப்புறம் பணம்.

எல்எல்எம் யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

நீதிமன்றத்தில் வாதாட எல்எல்எம் தேவையில்லை. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி எல்எல்பி பட்டம், வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு, அதோடு அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி, அவ்வளவு போதும். எல்எல்எம் முடித்தவர் என்பதற்காக ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் யாரும் கூடுதலாக ஃபீஸ் தரப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜூனியராக இருக்கும்போது வருமானம் இல்லாத அந்த முதல் இரண்டு வருஷத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்றுதான் பலர் எல்எல்எம்மில் போய்ச் சேருகிறார்கள். அது சரியான காரணமே இல்லை, படிப்பு முடிந்து வெளியே வரும்போதும் அதே ஜூனியர் வருஷங்கள் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

நீதிபதி ஆக வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புப்படி, சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். பார் தேர்வுக்கு முன் செய்யும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த அனுபவம் கணக்காகும், 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரின் சான்றும் அதன் மேல் நீதித்துறை அதிகாரியின் ஒப்பமும் தேவைப்படும். எல்எல்பி முடித்ததும் பதிவு செய்யாமல் நேராக எல்எல்எம் போனால் அந்த 3 ஆண்டு தொடங்கவே தொடங்காது. நீதிபதி கனவு இருந்தால் முதலில் பதிவு, அப்புறம் ஒரு நல்ல சீனியர், எல்எல்எம்மைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்எல்எம் கட்டாயம் தேவைப்படும் இடம் ஆசிரியர் பணி. உதவிப் பேராசிரியர் ஆக எல்எல்எம்மில் 55 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி, கிரீமிலேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. கூடவே உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவில்) அல்லது செட் (மாநில அளவில்) தேர்ச்சி, அல்லது பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் விதிகளின்படி வாங்கிய பிஎச்டி. நெட் தேர்வில் சட்டத்துக்குப் பாட எண் 58, வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். அதே தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையும் கிடைத்துவிட்டால் பிஎச்டி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் வரும், நம் வீடுகளில் அது சின்னப் பணம் இல்லை. அரசு சட்டக் கல்லூரி இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு விடும். அடிக்கடி வராது, ஆனால் வரும்போது கையில் எல்எல்எம்மும் நெட்டும் தயாராக இருக்க வேண்டும், அறிவிப்பைப் பார்த்த பிறகு படிக்க ஆரம்பித்தால் எட்டாது.

இன்னொரு வகை, ஒரு குறிப்பிட்ட துறையில் ஆழமாக இறங்க நினைப்பவர்கள். கப்பல், வரி, காப்புரிமை, சுற்றுச்சூழல் மாதிரி. இவர்களுக்கு எல்எல்எம் கட்டாயமில்லை, ஆனால் நன்றாகப் பயன்படும், அதுவும் இரண்டு மூன்று வருஷம் கோர்ட் பார்த்துவிட்டு வந்து படித்தால் இன்னும் நன்றாக.

ஒரு வருஷமா, இரண்டு வருஷமா

2012-ல் யூஜிசி ஒரு வருட எல்எல்எம்முக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அதில் ஆய்வு முறையும் சட்ட எழுத்தும், ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும் என மூன்று தாள்கள் எல்லோருக்கும் கட்டாயம், மீதி உங்கள் சிறப்புப் பிரிவு, கடைசியில் ஆய்வேடு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வருட முறைக்கு மாறிவிட்டன. 2021 ஜனவரியில் இந்திய பார் கவுன்சில் ஒரு வருட எல்எல்எம்மையே எடுத்துவிடுவதாக விதி கொண்டுவந்தது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், அந்த ஆண்டு அதை அமல்படுத்த மாட்டோம் என்று கவுன்சில் சொன்னது, அதற்குப் பிறகும் ஒரு வருடப் படிப்புகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

என் கருத்து இது: தமிழ்நாட்டில் ஆசிரியராக வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்றால் இரண்டு வருடப் படிப்பு நல்லது. ஆய்வேட்டுக்கு நேரம் கிடைக்கும், நெட்டுக்குப் படிக்கவும் நேரம் கிடைக்கும். ஏற்கெனவே பிராக்டிஸில் இருப்பவர், ஒரு வருஷத்துக்கு மேல் ஆபீஸை விட்டு இருக்க முடியாது என்றால் ஒரு வருடப் படிப்பே போதும்.

அஞ்சல் வழி, ஆன்லைன், வார இறுதி எல்எல்எம் விளம்பரங்களில் மட்டும் தயவுசெய்து விழாதீர்கள். பார் கவுன்சில் 2024-லும் 2025-லும் எச்சரித்துவிட்டது: அதன் அனுமதி இல்லாமல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தும் எல்எல்எம் செல்லாது, பெயருக்குப் பக்கத்தில் "எக்ஸிக்யூடிவ்", "புரொஃபஷனல்" என்று ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். வாங்கிய பட்டம் நெட்டுக்கும் ஆசிரியர் பணிக்கும் செல்லாமல் போனால் போன காசு திரும்ப வராது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டும் என்றால் டிப்ளமோ படிப்புகள் இருக்கின்றன, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் எம்பிஎல் என்ற வணிகச் சட்டப் படிப்பு கூட இருக்கிறது. அறிவுக்கு நல்லது, ஆனால் எம்பிஎல் என்பது எல்எல்எம் ஆகாது. அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

எந்தப் பிரிவு

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் வணிகச் சட்டம், அரசமைப்புச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை, சர்வதேசச் சட்டம், சுற்றுச்சூழல், குற்றவியல், மனித உரிமை, தொழிலாளர் சட்டமும் நிர்வாகச் சட்டமும், வரி, சைபர், கடல்சார் சட்டம் என்று வரிசையாகத் துறைகள் இருக்கின்றன. கூட்டம் போவது குற்றவியலுக்கும் அரசமைப்புக்கும் வணிகத்துக்கும். தப்பில்லை. 2024 ஜூலை 1-லிருந்து மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால் குற்றவியலில் எழுதவும் சொல்லித்தரவும் நிறைய இருக்கிறது. அரசமைப்பு எடுத்தால் நெட்டுக்கு உதவும். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கும் மூன்று பிரிவுகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது தொழிலாளர் சட்டம். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில், நம் பாட்டன் பூட்டன்கள் பி அண்டு சி மில் என்று சொன்னார்களே, அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பாடப் புத்தகத்திலேயே வரும். 1920 கதவடைப்பின்போது மில் நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலானவர்கள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. தொழிலாளியைச் சங்கமாகச் சேரச் சொன்னதே சட்டப்படி குற்றம் மாதிரி ஆகிவிட்ட அந்த நிலைமைதான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கையைக் கிளப்பி, 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது. அந்தச் சட்டமே இப்போது இல்லை; 2025 நவம்பர் 21 முதல் 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக 4 தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. பழசும் புதுசும் இரண்டும் தெரிந்த ஆட்கள் இன்னும் பல வருஷத்துக்குத் தேவைப்படுவார்கள். மணலி, எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அப்பாவோ அண்ணனோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பாடத்தில் பாதியை நீங்கள் சாப்பாட்டு நேரத்திலேயே கேட்டு வளர்ந்திருப்பீர்கள்.

இரண்டாவது கடல்சார் சட்டம். சென்னைத் துறைமுகம், காசிமேடு, காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, நான்கும் நம் கரையில் இருக்கின்றன. சரக்கு சேதம், கன்டெய்னர் தாமதக் கட்டணம், மாலுமி சம்பள பாக்கி, கப்பலை நீதிமன்ற உத்தரவில் பிடித்து நிறுத்துவது எல்லாம் இதில் வரும். கப்பல் வழக்குகளுக்கான 2017-ன் அட்மிரால்டி சட்டம் 2018 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் உண்டு. 2025-ல் நாடாளுமன்றம் வணிகக் கப்பல், துறைமுகம், கடல்வழிச் சரக்கு, சரக்குச் சீட்டு (பில் ஆஃப் லேடிங்), கடலோரக் கப்பல் போக்குவரத்து என ஐந்து புதிய சட்டங்களை நிறைவேற்றியது. சரக்குச் சீட்டுக்கு அதுவரை இருந்தது 1856-ம் வருஷத்துச் சட்டம் என்றால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள். இந்த வேலை செய்யும் வழக்கறிஞர்கள் எண்ணிக்கையில் குறைவு, பாரிமுனையில் ராஜாஜி சாலையைச் சுற்றி ஷிப்பிங் ஏஜென்டுகளும் கஸ்டம்ஸ் தரகர்களும் நிறைய. சீனியர் சேம்பர் கிடைப்பது எளிதில்லை, அதைச் சொல்லாமல் விடக்கூடாது, ஆனால் கிடைத்தால் போட்டி மற்ற பிரிவுகள் அளவுக்கு இருக்காது.

மூன்றாவது சுற்றுச்சூழல். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது; 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, அதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்காக எடுத்தது. அந்த அமர்வு நம் சென்னையிலேயே, சேப்பாக்கத்தில் இருக்கிறது. மீனவருக்கு இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது, கடலோர மண்டல அறிவிக்கையில் எது ஆறு எது உப்பங்கழி என்று யார் முடிவு செய்வது, இதையெல்லாம் முகத்துவாரத்தை நேரில் பார்த்து வளர்ந்த ஒருவர் படித்து வாதாடினால் அதற்கு ஒரு பலம் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரி, அறிவுசார் சொத்துரிமை இரண்டும் கம்பெனி வேலைக்குப் பயன்படும். சைபர் பிரிவுக்குப் போனால் கூடவே தொழில்நுட்பமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், சட்டப் பிரிவை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை.

எங்கே படிப்பது

1997-ல் தொடங்கிய அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாகம் பெருங்குடியில். திருவொற்றியூரிலிருந்து பார்த்தால் நகரத்தின் மறுமுனை. பீச் ஸ்டேஷன் வந்து அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணி, பெருங்குடி பக்கம் இறங்குவதுதான் காசுக்கும் நேரத்துக்கும் கட்டுபடியாகும் வழி. வருகைப்பதிவு கட்டாயம், ஆகவே காலையில் கோர்ட், மதியம் வகுப்பு என்று திட்டம் போடாதீர்கள், இரண்டும் கெடும். ஹாஸ்டல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், தினமும் ரயிலில் போகும் நேரம் உங்கள் ஆய்வேட்டின் நேரம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையில் எம்.எல். இருக்கிறது, எல்எல்எம்முக்குச் சமமான பட்டம்தான். நம் பக்கத்துக்கு இது கிட்டம், உயர் நீதிமன்றமும் பக்கத்திலேயே. இடங்கள் குறைவு என்பதால் அறிவிப்பைத் தவறவிடாமல் பாருங்கள். 1891-ல் தொடங்கி, பாரிமுனையில் இருந்த சட்டக் கல்லூரி 2018-ல் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரிந்து போய்விட்டது, பழைய நினைப்பில் ஹைகோர்ட் பக்கம் தேடாதீர்கள். மாநில அரசு நடத்தும் இடங்களில் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருட எல்எல்எம் நிறைய வந்துவிட்டது, கட்டணம் லட்சங்களில் போகும். சேருமுன் அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யார், அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், நூலகத்தில் மனுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் மாதிரி தீர்ப்புகளைத் தேடும் தளங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு, திருச்சியில் இருப்பதும் சேர்த்து, கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தாளை எழுத வேண்டும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஐலெட் என்று தனித் தேர்வு வைத்திருக்கிறது. கிளாட் டிசம்பரில் நடக்கும், 2 மணி நேரத்தில் 120 கேள்வி, தப்பு ஒன்றுக்குக் கால் மதிப்பெண் போய்விடும். எல்எல்பியில் 50 சதவீதம் போதும், எஸ்சி, எஸ்டிக்கு 45. தீர்ப்பிலிருந்து நீளமான பத்திகளைக் கொடுத்து அதன் கீழ் கேள்வி கேட்பார்கள், அரசமைப்புக்குத்தான் எடை அதிகம். ஆகவே கைடு புத்தகத்தை விட, அந்த வருஷத்து முக்கியமான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை முழுதாக வாசிப்பதே சரியான தயாரிப்பு. பொதுத்துறை நிறுவனங்கள் சில சட்ட அதிகாரி வேலைக்கும் இந்த மதிப்பெண்ணைப் பார்க்கின்றன, அதனால் எழுதி வைப்பதில் நஷ்டம் இல்லை. வீட்டில் படிக்க இடமில்லாதவர்கள் கொளத்தூர் முதல்வர் படைப்பகம், கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் எல்எல்பி முடித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குவதைப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சட்டம் தெரிந்தவருக்கு மொழி ஆறு மாதத்தில் வரும். இந்தியன் கானூன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தீர்ப்புகளில் தினம் ஒன்றை வாசித்து, சங்கதி என்ன, கேள்வி என்ன, நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் சொன்னது என்று சொந்த ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். இதற்கு மேல் ஒரு ரகசியமும் கிடையாது.

வெளிநாடு போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் முதுகலையை இரண்டாகப் பிரிப்பார்கள்: வகுப்பில் பாடம் நடத்தும் எல்எல்எம், முழுக்க ஆய்வு எல்எல்எம். நம்மில் பெரும்பாலோர் சேருவது முதல் வகை. ஒரு வருடம், மொத்தம் 180 கிரெடிட், அதில் வழக்கமாக 120 பாடங்களுக்கு, 60 ஆய்வேட்டுக்கு. கடல்சார் சட்டத்துக்கு சவுத்தாம்டன், சுவான்சி இரண்டும் பெயர் பெற்றவை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தனியாகக் கடல்சார் எல்எல்எம் இருக்கிறது, மால்டாவில் ஐநாவின் கடல்சார் அமைப்பே ஒரு சட்ட நிறுவனம் நடத்துகிறது. ஆனால் அங்கே எல்எல்எம் முடித்தால் அங்கே வக்கீல் ஆகிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்க்யூஇ என்ற தனித் தேர்வு, அதற்கு எல்எல்எம் தேவையே இல்லை. பாடம் நடத்தும் முதுகலைக்குப் போகிறவர்கள் 2024 ஜனவரியிலிருந்து மனைவி, கணவர், பிள்ளைகளை உடன் அழைத்துப் போகவும் பெரும்பாலும் முடியாது. திரும்பி வந்து இங்கே ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை, ஒரு வருட வெளிநாட்டு எல்எல்எம்மை இங்கே சமமாக ஏற்பதில் பார் கவுன்சில் கறாராக இருக்கிறது.

பணத்துக்கு முதலில் உதவித்தொகையைத் தேடுங்கள், கடனை அப்புறம் பார்க்கலாம். எஸ்சி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறையின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். பிரிட்டிஷ் அரசின் சீவ்னிங் உதவித்தொகை எல்லோருக்கும் திறந்தது, 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். உள்ளூரில் படிக்கும் எஸ்சி, எஸ்டி மாணவர்கள் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், எல்எல்எம்முக்கும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வெளிநாடு போவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்பா அம்மா வாழ்நாள் முழுக்க உழைத்துக் கட்டிய ஒற்றை வீடு அது.

ஆய்வேடு

நெட், பிஎச்டி, வேலை நேர்காணல் எல்லாவற்றிலும் "என்ன தலைப்பில் எழுதினீர்கள்" என்றுதான் கேட்பார்கள். "இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம், ஒரு பார்வை" என்று எடுத்தால் சொல்ல ஒன்றுமே இருக்காது. "2017 எண்ணெய்க் கசிவில் மீனவர் இழப்பீடு எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது" என்று எடுங்கள், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், காசிமேட்டில் படகு உரிமையாளர்களையும் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்களையும் தனித்தனியாகச் சந்திக்கலாம், இரண்டு பேர் சொல்வதும் வேறுவேறாக இருக்கும், அந்த வித்தியாசத்திலிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது. முதல் செமஸ்டரிலேயே தலைப்பை முடிவு செய்து வழிகாட்டியிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்துவிடுங்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வர 30 நாள், மேல்முறையீடு என்று போனால் இன்னும் ஆகும், கடைசி செமஸ்டரில் மனு போட்டால் பதில் வருவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்கும் தேதி முடிந்துவிடும்.